கடல் அச்சடித்த பை

2006-ஆம் வருடம் புதுச்சேரியின் கடற்கரைப் பக்கத்துக் கடைகளில் வரைபடம் இல்லாத பொருளைத் தேடிப் பிடிப்பது சிரமமாக இருந்தது. தலையணை உறையில் பிரெஞ்சுக்காரன் போட்ட தெருக்கள் ஓடின. காப்பிக் கோப்பையைச் சுற்றிப் பெரிய வாய்க்கால் ஓடியது, நாற்றம் மட்டும் இல்லாமல். மொத்த ஊரிலும் மூக்கைத் துடைத்துக்கொள்ள ஒரு கைக்குட்டையும் வந்திருந்தது. தெருவெல்லாம் தீர்ந்துபோனதால் சரிதாவுக்குக் கடல் ஞாபகம் வந்தது.

சரிதா ரெட்டியார்பாளையத்துப் பெண். டிசைன் படித்துவிட்டு அந்தக் கடைகளில் ஒன்றுக்குத் துணிப்பை வடிவமைத்துக்கொண்டிருந்தாள். பாலகுரு, உப்பளத்துக்குக் கிழக்கே ஒரு குப்பத்தில் தம்பி செல்வகுமாரோடு சேர்ந்து பைபர் போட் ஓட்டியவர். சுனாமி நிவாரணத்தில் வந்த போட் அது. கொடுத்தவர்களின் பெயர் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கும். போட்டின் பெயருக்கு இடமில்லை.

பாலகுருவின் மனைவி தில்லையம்மாளிடம் மீன் வாங்க வந்த சரிதா, பாலகுரு யாருக்கோ மணலில் விரலால் கரையைக் கிழித்துக் காட்டியதைப் பார்த்தாள். ஊர் மேலே, கடல் கீழே. போட்டில் இருப்பவன் கரையைப் பார்க்கிற மாதிரி.

"அண்ணா, இதையே பேப்பர்ல போட்டுத் தர்றீங்களா?"

"இன்னாத்துக்கு?"

"பையில அச்சடிக்கத்தான்."

"பையில கடலா? ஒழுகிடப் போவுதும்மா."

ஆனாலும் போட்டுக் கொடுத்தார். லைட் ஹவுஸ், முதலியார்பேட்டை மில் புகைபோக்கி, பழைய பாலம், தண்ணீர் டேங்க். சரிதா தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "கீழே ரொம்பக் காலியா இருக்குண்ணா. எதையாச்சும் போடுங்களேன்."

இங்கேதான் வினை. கடலடியில் பாறை கிடக்கிற இடத்தைப் பார் என்பார்கள். அங்கே களவா மீன் அடையும். கரையிலிருக்கும் இரண்டு அடையாளங்கள் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக நேரே தெரிய வேண்டும். இன்னொரு பக்கம் வேறு இரண்டும் அப்படியே தெரிய வேண்டும். இரண்டு கோடும் வெட்டிக்கொள்கிற இடம்தான் பார். பாலகுருவுக்கு அவருடைய அப்பா காட்டிய பார் ஒன்று இருந்தது. தம்பியைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்பது குப்பத்துக் கட்டுப்பாடு. பார் கண்டவன் ஊருக்குச் சொல்லிவிட வேண்டும். வெளியாளுக்குச் சொன்னால் கேட்கவே வேண்டாம்.

பாலகுரு ஏமாளியல்ல. வெறும் சேறாகக் கிடக்கிற ஓர் இடத்தில் இரண்டு கோடுகளைச் சந்திக்க வைத்து, அங்கே சிவப்பாக ஒரு மீனையும் போட்டார். சரிதா கைதட்டினாள்.

முதல் தவணைப் பைகளில் சிவப்புச் சாயம் கசிந்துவிட்டது. விற்க முடியாததை என்ன செய்வது? நல்ல மனதோடு குப்பத்துக்கே தானமாக அனுப்பினாள். புதுச்சேரி வெயிலுக்கென்று சுனாமி நிவாரணத்தில் வந்த கம்பளிக் கோட்டுகளையே வாங்கிக்கொண்ட குப்பம், பையையும் வாங்கிக்கொண்டது. ஊர்த் தலைவர் சாமிக்கண்ணுவின் வீட்டில் அதில் கத்தரிக்காய் வாங்கி வந்தார்கள். அவர் பையைக் கவிழ்த்துக் காயைத் தரையில் கொட்டினார். பிறகு பாலகுருவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

கோயில் எதிரே ஊரே கூடியது.

"இன்னா பாலகுரு, கடலைத் தூக்கி வெள்ளக்காரன் தோள்ல மாட்டி உட்டுட்டியா?"

"ஐயோ மாமா, அது சும்மா போட்டது. அங்க வெறும் சேறு."

"சேத்துக்கு எவனாவது அடையாளம் போடுவானா? மீனு வேற நிக்குது, ரத்தம் ஒழுவிக்கினு!"

"அது சாயம் மாமா."

யாரும் நம்பவில்லை. மறுநாள் காலை சாமிக்கண்ணுவின் போட்டிலேயே கிளம்பினார்கள். பையில் இருந்தபடி அடையாளம் பார்த்து நிறுத்தி, ஈயக்குண்டை இறக்கித் தூக்கினார்கள். சேறு. இன்னொரு தரம். சேறு. பாலகுருவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியா மாமா? நான் சொன்னேன்ல?"

சாமிக்கண்ணு குண்டில் ஒட்டிய சேற்றை விரலால் வழித்தார். "சொன்ன. இது பொய்யி. சரி, எத மறைக்க இந்தப் பொய்யி?"

சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. செல்வகுமார் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். தான் நிரபராதி என்பதை இவ்வளவு சுத்தமாக நிரூபித்து மாட்டிக்கொண்ட ஆளை அந்தக் கடல் பார்த்திருக்காது.

நிஜமான பாரைக் காட்டுகிறவரை அண்ணன் தம்பி போட் கடலில் இறங்கக் கூடாது என்று ஊர் சொல்லிவிட்டது. போட் மணலில் கிடந்தது. அதன் நிழலில் நாய் படுத்தது.

"யோவ், காட்டித் தொலையேன்யா. கல்லுதானே அது?" என்றாள் தில்லையம்மாள்.

"எங்கப்பன் எனக்குக் காட்டினது."

"உங்கப்பன் அரிசிக்கடை எதையும் காட்டலியா?"

நடுவில் சரிதா வந்தாள். சிவப்பில்லாமல் அச்சடித்த பை நன்றாகப் போகிறதாம். இன்னும் இரண்டு மூன்று கடல் வேண்டுமாம். பாலகுரு பென்சிலை வாங்கிக் கரையை மட்டும் போட்டார். கீழே ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. "இந்தக் காலியான இடம்தான்ணா அழகே" என்று சொல்லி எடுத்துப் போனாள். கலை அதற்குள் முன்னேறியிருந்தது.

பள்ளிக்கூடம் திறக்கிற வாரம், ஏலத்தில் மீன் எடுக்கப் போன தில்லையம்மாள் கூடையோடு நின்றுவிட்டாள். எந்தப் போட்டைப் பார்த்தாலும் களவா. விலை பாதியாகியிருந்தது. சாமிக்கண்ணுவின் போட்டிலிருந்து செல்வகுமார் இறங்கி வந்தான். அவள் கூடையில் ஒரு பெரிய மீனை வைத்தான்.

"எம் புள்ளைங்க ரெண்டும் ஸ்கூலுக்குப் போவணும் அண்ணி. நான் இன்னா செய்யறது?"

அவள் மீனைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

வீட்டில் அவள் அரிவாள்மனையை எடுத்துப் போட்டபோது பாலகுரு மீனைப் பார்த்தார்.

"எவன் போட்டு மீனு இது?"

"எல்லாப் போட்லயும் இதான்."

அவர் குனிந்து மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். தில்லையம்மாள் செதிலைச் சீவிக்கொண்டே சொன்னாள்: "நாளையிலேருந்து நம்ம போட்டையும் எறக்கிக்கலாமாம். சாமிக்கண்ணு மாமா சொல்லச் சொன்னாரு."

"எறக்கி எங்க போறது?" என்றார் பாலகுரு.