ஆரம்பாக்கத்தில் அண்ணன் மேல் விழுந்த பழி

எங்கள் அண்ணன் கண்ணை மூடி ஓர் ஆண்டு முடிந்துவிட்டது. அன்று வந்து தோள் கொடுத்த உறவினர்களும் நண்பர்களும் இன்று மறுபடியும் வந்திருக்கிறீர்கள். உங்கள் கையில் இருக்கும் இந்த நினைவு மலரில் அண்ணனைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். நான் எழுத்தாளன் இல்லை. ஒரு காலத்தில் போங்கோ மேளம் தட்டியவன், இப்போது திருவள்ளூரில் ஒரு மருந்துக் கடையில் நிற்பவன். எழுத்து கோர்வையாக வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணி சொன்னது இதுதான்: "தம்பி, உங்க அண்ணனப் பத்தி ஊர்ல ரெண்டு விதமா பேசறாங்க. நல்லது நாலு எழுதிட்டு போய்டாத. அந்த ஆரம்பாக்கம் விஷயத்தையும் எழுது. அவரு வேணும்னு பண்ணலன்னு எழுது. நீ அந்த வண்டில இருந்தவன், நீ சொன்னா நம்புவாங்க."

எழுதுகிறேன். முதலில் அண்ணனின் வாழ்க்கையைச் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் பிறந்தது பள்ளிப்பட்டில். எனக்கும் அவருக்கும் ஒன்பது வயது வித்தியாசம். எனக்கு நாலு வயதாக இருக்கும்போது அம்மா காய்ச்சலில் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த ஊரில் இருக்கப் பிடிக்காமல் நைனா எங்களை அழைத்துக்கொண்டு திருவள்ளூருக்கு வந்து ஓர் அரிசி மில்லில் மூட்டை தூக்கினார். சமையல் அண்ணன் தலையில் விழுந்தது. அவருக்குத் தெரிந்தது தக்காளி ரசம் ஒன்றுதான். எட்டு வருஷம் அதே ரசம். "இன்னாடா, இன்னிக்கும் அதேவா?" என்று நைனா கேட்பார். "நேத்து வெச்சது நேத்தோட போச்சு நைனா, இது புதுசு" என்று அண்ணன் பதில் சொல்வார். அந்த ரசத்தில்தான் நான் வளர்ந்தேன்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு அண்ணனும் அதே மில்லில் சேர்ந்தார். வாசலில் நின்று ஆள் கூப்பிடும் வேலை. குனிந்து மூட்டையில் குறி போட்டுக்கொண்டே பெயரைக் கூப்பிடுவார். பதில் வந்தால் ஆள் வந்தாயிற்று. வராதவனுக்குப் பக்கத்தில் நிற்பவன் குரல் கொடுத்துவிடுவதும் உண்டு. அது அண்ணனுக்குத் தெரியும். பாவம், அரை மணி தாமதமாக வருவான் என்று விட்டுவிடுவார்.

இந்த மனிதர் எப்படி ஒரு வாத்தியக் குழுவுக்கு மேனேஜர் ஆனார் என்று பலருக்கு இன்றைக்கும் ஆச்சரியம். அண்ணனுக்குச் சுருதியும் தெரியாது, தாளமும் தெரியாது. எனக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது, அதனால் வந்தார். ஆரம்பாக்கத்துச் சாமுவேல் மாதாகோயிலில் கிதார் வாசித்துக்கொண்டிருந்தான். மதராசுக்குப் போய் எலக்ட்ரிக் கிதார் ஒன்று வாங்கி வந்தான். டிரம் அடிக்கப் பாபு, பாட ஒருவன், போங்கோவுக்கு நான் என்று சேர்ந்தோம். முடியை வளர்த்துக்கொண்டோம். குழுவின் பெயரை இங்கே எழுதவில்லை. அந்தப் பெயரைச் சொன்னாலே எங்கள் பழைய ஆட்களுக்குள் இன்றும் சண்டை வருகிறது.

நாங்கள் இங்கிலீஷ் பாட்டை வாசித்தால் ஜனங்கள் எழுந்து போய்விடுவார்கள். ஒரு ஊரில் மண்ணாங்கட்டி கூட வந்து விழுந்தது. அண்ணன் மேடைக்கு எதிரே நின்று கூட்டத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். "மூணு சினிமா பாட்டு போடு. அப்பால ஒண்ணு உன் இங்கிலீஷு. எவனாவது எழுந்தா நான் கைய தூக்குவேன், உடனே சினிமாவுக்கு வந்துடு" என்பார். அப்படித்தான் எங்களை மேடையில் நிற்க வைத்தார். தொழிற்சாலை ஆயுத பூஜை, மாதாகோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு என்று வடக்கே சூளூர்ப்பேட்டை, மேற்கே ஆர்.கே.பேட்டை வரைக்கும் ஓடினோம். எங்கள் பள்ளிப்பட்டிலேயே ஒருமுறை கரண்டு பற்றாமல் போனபோது பக்கத்து மாவு மில்காரரைக் கெஞ்சி மில்லை நிறுத்தி அங்கிருந்து ஒயர் இழுத்தார். அரைக்க வந்த பெண்கள் கூடையோடு உட்கார்ந்து எங்கள் கச்சேரியைக் கேட்டார்கள். அவ்வளவு மரியாதையான கூட்டம் அதற்குப் பிறகு எங்களுக்குக் கிடைக்கவில்லை.

வாடகை வேன் ஒன்றுதான் எங்கள் வண்டி. புறப்படும் முன் அண்ணன் பின்னால் நின்று வாத்தியங்களைக் கயிறு போட்டுக் கட்டுவார். கட்டிக்கொண்டே, மில்லில் கூப்பிட்டது போலவே கூப்பிடுவார். பெயர் சொல்ல மாட்டார், வாத்தியத்தைச் சொல்வார். "டிரம்மு?" "ஏறிட்டேண்ணா." "போங்கோ?" "ஏறிட்டேண்ணா." நிமிர்ந்து பார்க்க மாட்டார். கடைசி முடிச்சு விழுந்ததும் ஒரு பீடியை நிதானமாகக் குடித்துவிட்டு முன் சீட்டில் ஏறுவார். மில்லில் ஒருவனுக்கு இன்னொருவன் குரல் கொடுப்பான் என்று தெரிந்தவர்தான். எங்களை அவர் அப்படி நினைக்கவில்லை.

இனி அந்த நாள்.

ஆரம்பாக்கத்தில் மாதாகோயில் திருவிழா. காலையில் கச்சேரி, மத்தியானம் சாப்பாடு, சாயங்காலம் ஆர்.கே.பேட்டையில் ஒரு வரவேற்பு. காலையில் நாஷ்டா சாப்பிடும்போது சாமுவேல் ஒரு சேதி சொன்னான். மதராசில் ஒரு பெரிய குழுவில் அவனைக் கூப்பிட்டிருக்கிறார்களாம், அடுத்த மாதம் போகிறானாம். அண்ணனுக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. அத்தனை பேர் நடுவில், "போறவன் இப்பவே போடா. உன்ன நம்பி என் வண்டி ஓடல" என்று கத்திவிட்டார். சாமுவேல் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான். இதைக் கேட்டவர்கள் இருபது பேராவது இருப்பார்கள். பின்னால் பேச்சு வளர்ந்ததற்கு இதுதான் விதை.

சாப்பாடு முடிந்து வேனில் ஏறும் நேரம். சாமுவேல் என் பக்கத்தில் வந்து, "டேய், அம்மா ஊட்டாண்ட நிக்கிது, ஒரு வாட்டி பாத்துட்டு ஓடியாந்துடறேன். அண்ணாத்த கூப்டா சமாளி. காலைல வாங்குன திட்டே போதும்" என்றான். வீடு ஸ்டேஷனுக்குப் பக்கம், எட்டிப் பிடிக்கும் தூரம். சரி என்றேன்.

"கிதாரு?" என்று அண்ணன் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

சாமுவேலுக்குக் கரகரத்த குரல். நாங்கள் எல்லோரும் அவனைப் போலப் பேசிக் காட்டிச் சிரிப்பது வழக்கம். அந்தக் குரலில், "ஏறிட்டேண்ணா" என்று பதில் கொடுத்தது நான்தான்.

ஆமாம், நான்தான். அண்ணன் பீடி குடித்து முடிப்பதற்குள் அவன் வந்துவிடுவான் என்று கணக்குப் போட்டேன். அன்று மேகம் கறுத்திருந்தது. மழைக்கு முன் போக வேண்டும் என்று அண்ணன் பீடியைப் பற்ற வைக்கவில்லை. நேராக ஏறி உட்கார்ந்து, "எட்றா வண்டிய" என்றார். வண்டி நகர்ந்துவிட்டது.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். ஒரு வார்த்தை போதும். அண்ணன் திட்டுவாரே என்று பயந்தேன். பஸ் பிடித்து வந்துவிடுவான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் பக்கத்தில் இருந்த பாபுவுக்கும் தெரியும், அவன் என்னைப் பார்த்தான், நான் வெளியே பார்த்தேன். பிறகு சொல்லலாம், அடுத்த வளைவில் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். இருபது வயதுக்கு மேல் ஆன தடிமாடு, சின்னப் பிள்ளை இல்லை.

கும்மிடிப்பூண்டி ரயில்வே கேட் மூடியிருந்தது. அண்ணன் இறங்கி எல்லோருக்கும் சோடா வாங்கினார். கொடுத்து முடித்ததும் அவர் கையில் ஒரு சோடா மிச்சம் இருந்தது. "கிதாரு எங்கடா?" என்றார். வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். சோடாவைக் கீழே வைத்துவிட்டு, "திருப்பு வண்டிய" என்றார். மழை பிடித்துக்கொண்டது.

நாங்கள் திரும்பிப் போனபோது ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் கூட்டம். வண்டி போய்விட்டதைப் பார்த்த சாமுவேல், மெதுவாக நகர்ந்துகொண்டிருந்த கூட்ஸ் ரயிலில் தொற்றி ஏறப் பார்த்திருக்கிறான். கும்மிடிப்பூண்டி கேட்டில் எங்களைப் பிடித்துவிடலாம் என்று நினைத்தானாம். கால் வழுக்கி விழுந்தான். உயிர் தப்பியது. இடது கையில் நான்கு விரல்கள் போயின. கிதார் வாசிப்பவனுக்கு இடது கை விரல் என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் சாமுவேலின் தாயார் அண்ணனின் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "மதராசுக்குப் போறேன்னு சொன்னதுக்கா எம்புள்ளய வேணும்னே உட்டுட்டுப் போன? நீ நல்லா இருப்பியா?" அண்ணன் அந்தக் கையைக் கூட எடுத்துவிடவில்லை. "என் தப்புதாம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

குழு அன்றோடு முடிந்தது. அண்ணன் இல்லையென்றால் நமக்கு மேடையே கிடையாது என்று பாதிப் பேர். ஒரு கலைஞனின் கையை வாங்கியவன் என்று பாதிப் பேர். கல்யாண வீட்டில் சந்தித்தால் கூட இந்தப் பேச்சு வந்து பந்தியில் குரல் உயரும். அண்ணன் இலையை மடித்துவிட்டு எழுந்து போய்விடுவார். பாபு ஒருமுறை என்னைத் தனியே இழுத்துப்போய், "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டான். நான் அவன் காலைப் பிடித்துத் தடுத்தேன். எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயம். அதற்குப் பிறகு பாபு என்னோடு பேசுவதில்லை.

கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் வரத் தொடங்கியபோது அண்ணன் ஒன்றில் தொழிலாளர் பஸ்ஸுக்குப் பொறுப்பாளராகச் சேர்ந்தார். குரலை நம்பியது போதும் என்று முடிவு செய்துவிட்டார் போலும். பஸ்ஸுக்குள் ஏறி ஒவ்வொருவர் தோளையும் தொட்டுப் பார்த்த பிறகுதான் விசில் கொடுப்பார். புதிதாக வந்தவர்கள் சிரிப்பார்களாம். ஞாயிற்றுக்கிழமை தோறும் சைக்கிளில் ஆரம்பாக்கம் போவார். சாமுவேல் வெளியே வர மாட்டான். அண்ணன் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வருவார். பத்து வருஷம் இப்படி நடந்தது. "இந்த வாரம் மழ, நீங்க போவாதீங்க" என்று அண்ணி சொன்னால், "எனக்கு வேற இன்னா வேல?" என்று கிளம்பிவிடுவார்.

அண்ணனுக்கு மஞ்சள் காமாலை என்று தெரிந்தபோது முற்றிவிட்டது. நாற்பது வயதைத் தாண்டவில்லை. திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள் கிடந்தார். ஒரு காலையில் அண்ணி வெந்நீர் வாங்கப் போயிருந்தபோது, எங்கிருந்தோ எனக்குத் தைரியம் வந்தது.

"அண்ணா, அன்னிக்கு வேன்ல கொரல் குடுத்தது நான்தாண்ணா."

அண்ணன் கண்ணைத் திறந்தார். "தெரியும்டா. சோடா குடுக்கும்போதே தெரியும். நீ ஒருத்தன்தான் என் மூஞ்சிய பாக்காம வாங்குன."

"பின்ன ஏண்ணா சொல்லல? பத்து வருசமா இந்தப் பேச்ச வாங்கினு இருந்தியே."

"ஆளப் பாக்காம வண்டிய எடுத்தவன் நானு. அது என் தப்பு, உன்னுது இல்ல." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "உன்னுத நீயா சொல்லுவன்னு பாத்துக்கினு இருந்தேன்."

அண்ணி வெந்நீரோடு வந்துவிட்டார். மூன்றாம் நாள் அண்ணன் போய்விட்டார். அந்தக் கடைசி வார்த்தை என் நெஞ்சில் கிடந்து என்னைத் தூங்க விடவில்லை. பத்து வருஷம் என் வாயையே பார்த்துக்கொண்டு ஒரு மனிதர் இருந்திருக்கிறார். நான் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன், அவர் செலவில் கல்யாணம் செய்துகொண்டிருக்கிறேன்.

இதுவரைக்கும் எழுதியதும் முதலில் ஆரம்பாக்கத்துக்கு எடுத்துப் போனேன். சாமுவேல் இப்போது ஒரு தொழிற்சாலையில் வாட்ச்மேன். தாயார் இறந்துவிட்டார். நான் படிக்கப் படிக்கக் கேட்டுக்கொண்டிருந்தான். என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"கை போச்சு. அது போவட்டும், நானும்தான் ஓடற ரயில்ல ஏறுனேன்" என்றான். "வாரா வாரம் வந்து நின்னாருடா அண்ணாத்த. சன்னலாண்ட இருந்து பாத்துக்கினு இருப்பேன். வெயில்ல நின்ன மனுசனுக்கு ஒரு சொம்பு தண்ணி குடுக்கல நானு. அத யாரு கைல போய் குடுக்கறது இப்ப?"

நான் அழுதேன். அவன் அழவில்லை. "அச்சடி. எனக்கும் ஒண்ணு அனுப்பு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான்.

அண்ணனை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், இறுதிப் பயணத்துக்குப் பஸ்ஸோடு வந்து நின்ற தொழிலாளத் தோழர்களுக்கும், பத்தாம் நாள் காரியத்தைத் தங்கள் வீட்டுக் காரியம் போல் செய்து கொடுத்த பள்ளிப்பட்டு உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உண்மை தெரிந்தும் என் பெண்டாட்டி பிள்ளைகளுக்காக வாயை மூடிக்கொண்ட பாபுவுக்கு நன்றி சொல்ல எனக்கு வாயில்லை. அண்ணனைப் பற்றித் தவறாகப் பேசியவர்கள் யாரும் வருந்த வேண்டாம். உங்களுக்குத் தெரியாது. இனிமேல் பேசுவதானால் என்னைப் பற்றிப் பேசுங்கள்.

அண்ணி, நீங்கள் கேட்டபடி எழுதிவிட்டேன். அச்சுக்குக் கொடுக்கும் முன் உங்களிடம் படித்துக் காட்டாதது, நேரில் சொல்லத் தைரியம் இல்லாததால்தான். இப்போதும் அப்படித்தான் இருக்கிறேன். இன்று எல்லோரோடும் சேர்ந்துதான் நீங்களும் இதைப் படிப்பீர்கள். நான் கூடத்தில்தான் உட்கார்ந்திருப்பேன், எழுந்து போக மாட்டேன்.

— அண்ணனின் தம்பி