கதவுக்கு அடியில் நான்கு விரல் இடைவெளி

நம் முருகன் கோயிலுக்கு ஏறிவர நூற்றுப் பன்னிரண்டு படிகள். அறுபத்து நான்கு வயதில் இரண்டு இடத்தில் நின்றுதான் ஏற முடிகிறது. எண்பதாவது படியில் கால் வைக்கும்போதே சாம்பிராணி மணம் கீழே இறங்கி வந்து கூப்பிடும் என்று நீங்கள் எல்லோரும் சொல்வீர்கள். எனக்கு அது நின்றுபோய் ஒன்றரை வருடம் ஆகிறது. கற்பூரத் தட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன். சூடு தெரிகிறது, வெளிச்சம் தெரிகிறது. மணம் இல்லை. திருநீறும் கையில் வெறும் தூளாகத்தான் இருக்கிறது.

ஆண்டுவிழா மலருக்கு ஆளுக்கு ஓர் அனுபவம் எழுதித் தரச் சொன்னார்கள். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இது நான்காவது. இதில் என் பெருமை எதுவும் இல்லை என்பதால்தான் கிழித்தேன். இப்போது அதனாலேயே எழுதுகிறேன்.

பத்தொன்பது வயதில் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிப்பை முடித்தேன். பதினொரு வருடம் குன்னூரில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் வேலை. அது மூடியபின் முப்பத்து நான்கு வருடமாகக் கேஸ் லைன் வேலை. சிலிண்டரைக் கட்டடத்துக்கு வெளியே நிறுத்தி, சுவர் வழியாகச் செம்புக் குழாய் போட்டு, அடுப்பு வரை கொண்டுவந்து சேர்ப்பேன். ஓட்டல், பேக்கரி, மெஸ், வீடு என்று எல்லா இடத்திலும் செய்திருக்கிறேன். கடைசி நட்டை முறுக்கியதும் கேஸைத் திறந்து, ஒவ்வொரு இணைப்புக்கும் மூக்கைக் கொண்டுபோய் முகர்ந்து பார்த்து, ‘சரி’ என்று சொல்வேன். காற்றடைத்து மீட்டரில் சோதிக்க வேண்டும், சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாதது அல்ல. குளிரில் விரல் விறைத்து நிற்கும்போது அதையெல்லாம் இங்கே யாரும் செய்வதில்லை. நானும் செய்ததில்லை. என் மூக்கு அவ்வளவு கூர்மை. ‘மூக்கு மேஸ்திரி’ என்றே பெயர்.

முந்தின வருடம் ஐப்பசி மழையில் ஒன்பது நாள் காய்ச்சல். பத்தாம் நாள் எழுந்து உட்கார்ந்தேன். மனைவி சரோஜா காப்பி கொண்டுவந்து வைத்தாள். அதில் வாசனை இல்லை. சளி இறங்கினால் சரியாகும் என்று இருந்தேன். சரியாகவில்லை. ரசம் எப்படி இருக்கிறது என்று கேட்பாள், நன்றாக இருக்கிறது என்பேன். மூக்கு போன கேஸ் ஃபிட்டரை யார் கூப்பிடுவார்கள்? அவளிடமும் சொல்லவில்லை, வெளியிலும் சொல்லவில்லை. வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். வழக்கம்போல முகர்ந்தேன். வழக்கம்போல ‘சரி’ என்றேன்.

வைகாசியில் இன்னொரு இடி. ஓட்டல், மெஸ் வேலைகளுக்கு இனி மாஸ்டர் ஃபிட்டர் லைசென்ஸ் உள்ளவர் கையெழுத்துப் போட்ட சோதனைச் சான்று வேண்டும் என்று எனக்கு வேலை தரும் ஓட்டல்காரர்கள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். கோயம்புத்தூரில் போய்ப் பரீட்சை எழுத வேண்டும். எழுத்துத் தேர்வு, செய்முறை, நேர்முகக் கேள்வி என மூன்று. பாடப் புத்தகம் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். நாற்பத்தைந்து வருடம் கழித்துப் புத்தகத்தைத் திறந்தால் எழுத்து எறும்புபோல ஓடுகிறது. மூன்றாம் பாடம் படித்து முடிப்பதற்குள் முதல் பாடம் மறந்துவிடும். எந்த நேரமும் மலைமேல் மேகம் இறங்கியதுபோல மனதில் ஓர் இருட்டு. லைசென்ஸ் இல்லாவிட்டால் தொழில் இல்லை. லைசென்ஸ் வாங்கப் போனால் மூக்கு இல்லாதது தெரிந்துவிடும்.

ஆவணியில் நாற்பத்தெட்டு நாள் விரதம் தொடங்கினேன். ஒரு வேளைச் சாப்பாடு, தினமும் ஆறெழுத்து மந்திரம் ஆயிரத்தெட்டு. வேண்டுதல் இரண்டுதான். முருகா, மணத்தைத் திருப்பிக் கொடு. லைசென்ஸை வாங்கிக் கொடு. முப்பது நாள் ஆயிற்று, நாற்பது ஆயிற்று. மல்லிகைச் சரத்தை முகத்தில் வைத்து அழுத்திப் பார்ப்பேன். ஈரம்தான் தெரியும்.

நாற்பத்தோராம் நாள், புரட்டாசி சனிக்கிழமை பிற்பகல். சரோஜா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். வெந்நீர் வைத்துவிட்டு, அடுப்புக்கு நான்கடி தள்ளி உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். சோதனை பற்றிய பாடம். வாசனையை மட்டும் நம்பிச் சோதனையை முடிக்கக்கூடாது என்று அதில் இருந்தது. நமக்குத் தெரியாததா என்று பக்கத்தைத் திருப்பினேன். ஜன்னல் வழியாக அடித்த காற்றில் அடுப்பு அணைந்ததை நான் கவனிக்கவில்லை.

சரோஜா வாசலில் வந்து நின்றாள். கத்தவில்லை.

“அசையாதீங்க. சுவிட்சத் தொடாதீங்க. எந்திரிச்சு அப்படியே வெளிய வாங்க.”

முப்பத்து நான்கு வருடமாக நான் மற்றவர்களுக்குச் சொன்ன பாடம், அவள் வாயிலிருந்து எனக்கு வந்தது. வெளியே வந்தேன். அவளே போய் அடுப்பை மூடினாள், சிலிண்டரை மூடினாள், கதவு ஜன்னலை எல்லாம் திறந்துவிட்டாள். பிறகு என் பக்கத்தில் படிக்கட்டில் வந்து உட்கார்ந்தாள்.

“ஏனுங்க, ஊடு பூரா நாறுது. உங்களுக்கு ஒண்ணும் தெரியலீங்களா?”

தெரியவில்லை என்று தலையை ஆட்டினேன்.

“எத்தன மாசமா?”

“பதினொண்ணு.”

பிறகு கேட்டாள். “இந்தப் பதினொரு மாசத்துல எத்தன ஊட்டுக்கு லைன் போட்டீங்க?”

அன்பர்களே, படியை எண்ணுகிறவன் நான். பஸ்ஸில் வளைவை எண்ணுகிறவன். தட்டில் விழுகிற இட்லியை எண்ணாமல் சாப்பிட்டதில்லை. இதை மட்டும் நான் எண்ணவில்லை. அங்கேயே உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினேன். பதினான்கு. பதினான்கு அடுப்படிகளில், மணம் தெரியாத மூக்கை வைத்து ‘சரி’ என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

மிச்சம் இருந்த ஏழு நாளும் மணத்தைக் கேட்கவில்லை. லைசென்ஸைக் கேட்கவும் வாய் வரவில்லை. அந்தப் பதினான்கு இடத்திலும் ஒரு உயிருக்கும் ஒன்றும் ஆகக்கூடாது என்று மட்டும் கேட்டேன்.

அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாளே பிரஷர் மீட்டர் ஒன்று வாங்கினேன். சைக்கிள் பம்பு வீட்டில் இருந்தது. கேஸை மூடி, குழாயில் காற்றடைத்து, முள் இறங்குகிறதா என்று அரைமணி நேரம் பார்க்க வேண்டும். இறங்கினால் கசிவு. ஒவ்வோர் இடத்திலும் போய் நின்று, என் வேலையை நானே திரும்பச் சோதிக்க வந்திருக்கிறேன் என்று சொல்வது என்ன லேசா? பேக்கரிக்காரர் ஒருவர் எல்லோர் முன்னாலும் சிரித்தார். “மேஸ்திரி, உங்க வேலைய நீங்களே நம்பலீன்னா நாங்க எப்படிங்க நம்பறது?” அவர் அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. இன்னொருவரும் கூப்பிடவில்லை. மூட்டு வலியோடு மேடு ஏறி இறங்கி, பத்து இடம் பார்த்தேன். பத்திலும் முள் அசையவில்லை. சரோஜாவுக்குக் கொஞ்சம் முகம் தெளிந்தது. எனக்குத் தெளியவில்லை. நான்கு பாக்கி.

பதினோராவது, பாக்கியத்தின் இட்லிக் கடை. எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் கடைசி வீடு. சிறுமியாக இலங்கையிலிருந்து பெற்றோரோடு கப்பலேறி வந்தவர். கணவர் இல்லை. முன்னறைதான் கடை. கடை மூடியபின் அதே தரையில்தான் அவரும் மகளும் படுப்பார்கள். விடியுமுன் அடுப்பு பற்றவைக்க வேண்டும் என்பதால் வெளியே இருக்கும் சிலிண்டரை அவர் மூடுவதே இல்லை. குழாயில் இரவும் பகலும் கேஸ் நிற்கும். மாசியில் நான் போட்ட லைன். எட்டு மாதம்.

காற்றடைத்தேன். முள் நின்றது. பிறகு நடுங்கியது. ஏழாவது நிமிடம் ஒரு கோடு இறங்கியது, பத்தாவது நிமிடம் இன்னொரு கோடு. சோப்பு நுரையை எடுத்துக்கொண்டு தரையில் படுத்தேன். பாத்திர அலமாரிக்குப் பின்னால், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், குழாய் வளையும் இடத்தில் நட்டு. அதில் நுரை மெல்ல உப்பியது, உடைந்தது, மறுபடி உப்பியது.

பாக்கியம் குனிந்து பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

“அப்பப்ப வாசம் வர்ற மாதிரி இருக்குமண்ணே. மகளும் சொல்லுவா. நீங்க மோந்து பாத்து சரின்னு சொல்லிட்டுப் போனீங்களே, அப்ப நம்ம மூக்குதான் சரியில்லனு இருந்துட்டோம்.”

அன்று அந்தத் தரையில் நான் படுத்திருந்ததுபோல இனி ஒரு நாளும் படுக்க வேண்டாம். அவருடைய மூக்கு சரியாக இருந்திருக்கிறது. மூக்கே இல்லாத என் பேச்சை நம்பி, இரண்டு பேர் இரவெல்லாம் அந்த நட்டுக்கு ஆறடி தூரத்தில் தூங்கியிருக்கிறார்கள். விடியுமுன் எழுந்து தீக்குச்சி கிழித்திருக்கிறார்கள். எட்டு மாதம் என்றால் இருநூற்று நாற்பது தீக்குச்சி.

நட்டைக் கழற்றி முனையைச் சரிசெய்து மாட்டினேன். அரைமணி நேரம் முள் அசையவில்லை. அப்புறம்தான் எனக்கு ஒன்று உறைத்தது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தண்ணீர்போலத் தரையோடு ஓடித் தாழ்ந்த இடத்தில் தேங்கும். இந்தச் சின்ன அறையில் எட்டு மாதம் கசிந்தது எங்கே தேங்கியது? ஏன் ஒன்றும் ஆகவில்லை?

பாக்கியம் என்னை உட்காரச் சொன்னார். “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கண்ணே. இந்தப் பக்கம் உக்காருங்க, அங்க குளிர் அடிக்கும். அந்தக் கதவுக்கு ஒரு பலகை அடிச்சுக் குடுங்கன்னு லைன் போட்ட அன்னிக்கே கேட்டேன். ஆணி கொண்டாறேன்னு போன ஆளு இன்னிக்குத்தான் வாறீங்க.”

திரும்பிப் பார்த்தேன். கதவின் அடிப்பலகை உளுத்து உதிர்ந்து, தரைக்கும் கதவுக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி. கழுவுகிற தண்ணீர் வெளியே போவதற்காகத் தரை முழுவதும் அந்தக் கதவை நோக்கிச் சாய்வாக இருந்தது. கசிந்த கேஸ் ஒவ்வொரு நாளும் அந்தச் சாய்வில் இறங்கி, அந்த இடைவெளி வழியாக வெளியே மலைச்சரிவுக்குப் போயிருக்கிறது. பாக்கியம் அதில் சாக்கை அடைத்துப் பார்த்தாராம். மழையில் நனைந்து ஊறியதால் எடுத்து எறிந்துவிட்டாராம்.

ஆணி கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் மறந்தேன். என் சோம்பலைக்கூட முருகன் அங்கே காவலுக்கு நிறுத்தி வைத்திருக்கிறான். புரட்டாசியில் நான் கேட்டதை மாசியிலேயே கொடுத்து முடித்துவிட்டான். அவர் முன்னாலேயே அழுதேன். எனக்கு மணம் தெரியாது என்பதையும் சொன்னேன். அவர் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. “ஆண்டவன் பாத்துக்கிட்டான்” என்று மட்டும் சொல்லி, மகளைக் கூப்பிட்டுக் கட்டிக்கொண்டார்.

மற்ற மூன்று இடத்திலும் கசிவு இல்லை.

தை மாதம் பரீட்சை. இருபத்தேழு பேர் வந்திருந்தோம், நான்தான் மூத்தவன். எழுத்துத் தேர்வில் நூறு கேள்வி. எண்பத்தாறு நிச்சயம், ஒன்பது சந்தேகம், ஐந்து தெரியாது. செய்முறையில் குழாயில் அடைத்தது வெறும் காற்று. காற்றுக்கு மணமில்லை. அந்த அறையில் இருபத்தாறு மூக்குகளும் என்னுடையதும் ஒன்றுதான். இரண்டு மாதம் முள்ளைப் பார்த்தே வாழ்ந்தவனுக்கு அது கஷ்டமாக இல்லை.

நேர்முகத்தில் ஓர் அம்மாவும் ஓர் ஐயாவும். அடுப்படியில் காற்றுவழி எங்கே இருக்க வேண்டும், ஏன் என்று அந்த அம்மா கேட்டார். தரையை ஒட்டி என்றேன். அத்தோடு நிறுத்தியிருந்தால் பாஸ். என்னால் நிறுத்த முடியவில்லை. பாக்கியத்தின் கதவைச் சொன்னேன். நட்டைச் சொன்னேன். எனக்கு மோப்பம் இல்லை என்பதையும் சொன்னேன்.

ஐயா பேனாவைக் கீழே வைத்தார். “அப்ப எதை நம்பிச் சான்று குடுப்பீங்க?”

“மீட்டரையும் சோப்பு நுரையையும் நம்பிங்க. அதுக்கப்புறம் அந்த ஊட்டுக்காரங்க மூக்க நம்பிங்க. அவங்களக் கேட்டுட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போகலாம் என்றார்கள். மலையேறும் பஸ்ஸில், எல்லாம் முடிந்தது என்றே இருந்தேன். வளைவுகளைக்கூட எண்ணவில்லை.

பங்குனியில் லைசென்ஸ் வந்தது.

முதல் சான்று பாக்கியத்தின் கடைக்குத்தான். புதுக் கதவு நானே போட்டேன். போட்டுவிட்டு, அடியில் நான்கு விரல் உயரத்துக்கு அறுத்துக் கம்பி வலை அடித்தேன். இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். “ஒரு வருசம் சுணங்கிக் கதவு போட வந்த மனுசன், போட்ட உடனே ஓட்டை போடுறாரு பாரு” என்று மகளிடம் சொன்னார். சான்றின் அடியில், என் கையெழுத்துக்குக் கீழே இன்னொரு கோடு இழுத்திருந்தேன். அதில் அவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றேன். ஒவ்வோர் இணைப்பாகக் குனிந்து முகர்ந்தார். நிதானமாக, அவசரமில்லாமல். “வாசம் இல்லண்ணே” என்றார். கையெழுத்துப் போட்டார். நாளைக்கு வாசம் வந்தால் இந்தக் காகிதத்தை நம்பாதீர்கள், உங்கள் மூக்கை நம்புங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். இப்போது எல்லா இடத்திலும் அதைச் சொல்கிறேன். இதுவரை ஒன்பது சான்று.

மணம் திரும்பவில்லை. திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சில விடியல்களில் இன்னும் நெஞ்சு கனக்கிறது. அந்த இருநூற்று நாற்பது தீக்குச்சிகள் கண்முன் வரும். அப்போது எழுந்து குளித்துவிட்டு இந்த நூற்றுப் பன்னிரண்டு படியும் ஏறி வந்துவிடுகிறேன்.

கேட்டது கிடைக்கவில்லை என்று மனம் உடைந்து இந்தப் படியில் உட்கார்ந்திருக்கிற யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். கேட்பதை நிறுத்தாதீர்கள். உங்கள் வீட்டில் எந்தக் கதவை அவன் திறந்து வைத்திருக்கிறான் என்பதையும் ஒருமுறை குனிந்து பாருங்கள். கிருத்திகைக்கு வாருங்கள். எண்பதாவது படியில் நான் மூச்சு வாங்க நின்றிருப்பேன். சாம்பிராணி மணம் வருகிறதா என்று உங்களிடம் கேட்பேன். வருகிறது என்று நீங்கள் சொன்னால் எனக்கு அது போதும்.