பிரேக்குக்குத் தடவிய கிரீஸ்

கடலில் பிரேக் கிடையாது என்பார் மாமா. என் அம்மாவின் தம்பி. பல வருஷம் விசைப்படகு ஓட்டிவிட்டு, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனி விருந்தினர் விடுதியில் புல்வெட்டும் வண்டி ஓட்டப் போனவர். டிராக்டர் குட்டி போட்ட மாதிரி இருக்கும், மேலே உட்கார்ந்து ஓட்டுகிற அந்தச் சிவப்பு வண்டி. தெருவில் கேலிக்குக் குறைவில்லை. "ஏலே, உம் புல்லு எத்தன பாகம் ஆழம்லே?" என்று கடலை அளக்கிற கணக்கிலேயே கேட்பார்கள்.

அத்தை காதில் கேலியெல்லாம் விழாது. அவள் அண்ணன் தொழிலுக்குப் போன படகு திரும்பவே இல்லை. கல்யாணமானதிலிருந்து அவள் மாமாவிடம் கேட்ட ஒரே நகை இந்தக் கரை வேலைதான். மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதாகச் சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்.

அப்போது நான் நாலாம் வகுப்பு. லீவு நாளில் மாமாவோடு ஒட்டிக்கொள்வேன். விடுதியிலிருந்து கடலோரச் சுவர் வரைக்கும் புல்வெளி சரிந்து இறங்கும். காலையில் தண்ணீர் பீய்ச்சியதும் தட்டான்கள் கிளம்பி வரும். வெட்டின புல் வாசமும் உப்பு வாசமும் கலந்து வந்தால், உட்கார்ந்தபடியே கண் சொக்கும்.

மாதம் ஒருதரம் மாமா சக்கரங்களைக் கழற்றுவார். கிளிப், வாஷர் எல்லாம் பழைய துணியில் வரிசையாக உட்காரும். அச்சைத் துடைத்துப் புதுக் கிரீஸ் பூசுவார். "உப்புக்காத்து சொந்தக்காரன் மாதிரிளா. சொல்லாம வருவான், இருக்கதத் தின்னுட்டுப் போவான்." கடைசியில் பிரேக்கைப் போட்டு, பின்னாலிருந்து வண்டியைத் தள்ளிப் பார்ப்பார். அசையாமல் நின்றால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு.

அன்றைக்குப் பின்சக்கரம் ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர்க் குழாயை மாற்றிப் போடப் போனார். உள்ளே கையகலத்தில் ஒரு இரும்புத் தட்டு இருந்தது. ஓரமெல்லாம் துரு. எல்லா இரும்புக்கும் கிரீஸ் கிடைத்திருக்க, அது மட்டும் பந்தியில் பரிமாற மறந்த பிள்ளை மாதிரி நின்றது. எனக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு விரலால் அள்ளி, இரண்டு பக்கமும் வழவழவென்று தடவினேன். எங்கள் கடற்கரையில் எந்தப் பிள்ளையும் அதைத்தான் செய்திருக்கும். பூசாத இரும்புக்கு இங்கே ஆயுசு ஏது?

மாமா திரும்பி வருவதற்குள் சூப்பர்வைசர் குரல் கொடுத்தார். விருந்தாளிகள் வருகிறார்களாம், சீக்கிரம் வெட்ட வேண்டுமாம். மாமா அவசரமாகச் சக்கரத்தை மாட்டினார். தள்ளிப் பார்க்கவில்லை.

மேட்டில் இரண்டு வரிசை வெட்டினார். பிறகு, விழுந்து கிடந்த தென்னை மட்டையை எடுக்க எஞ்சினை அணைத்து, பிரேக்கைப் போட்டு, ஒரு காலைத் தூக்கினார். வண்டி அவரைக் கேட்காமல் கிளம்பிவிட்டது.

சத்தமே இல்லை. தள்ளிவிட்ட வள்ளம் தண்ணீரில் வழுக்குமே, அப்படிப் போனது. ஈரப் புல் வழிவிட்டது, தட்டான்கள் எழும்பி விலகின. சுவருக்கு அப்பால் ஒரு வெள்ளைக் கப்பல், மாமாவுக்காகவே காத்திருப்பது போல நின்றது. அவர் பெடலை மிதித்து மிதித்துப் பார்த்தார். நான் கைதட்டினேன்.

சுவரில் மோதின சத்தத்தில்தான் கை நின்றது. மாமாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு. வண்டிக்கு முன்அச்சு வளைந்துவிட்டது. சூப்பர்வைசர் சக்கரத்தைக் கழற்றச் சொல்லிக் குனிந்து பார்த்தார்.

"பிரேக்குல எவன்யா கிரீஸ் அப்புனது?"

மாமா என் விரல்களைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து என் கைமேல் போட்டார்.

"நாந்தான் சார். கடல்ல கெடந்தவன், இரும்பக் கண்டா கை சும்மா இருக்காது."

"அப்ப கடலுக்கே போயிரும்."

திங்கட்கிழமையே மாமா படகேறினார். என்னைக் கண்டதும் விசிலடித்தார், கன்னத்தைக் கிள்ளினார். கடல்மேல் அவருக்கு எத்தனை ஆசை என்று எனக்குத் தெரியும். தெருக்குழாயடியில் நின்று பிள்ளைகளிடம் பெருமை பேசினேன்: "எங்க மாமா மறுபடியும் போட் ஓட்டப் போயாச்சு. என்னாலதான்!"

அத்தை பின்னால் நின்றதை நான் பார்க்கவில்லை. குடத்தை இறக்கிவைத்து, அவிழ்ந்து தொங்கிய என் ரிப்பனைச் சேர்த்து முடிந்தாள். கொஞ்சம் இறுக்கமாகவே.

"ஆமாளா, உன்னாலதான்," என்றாள்.

அத்தை வாயால் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது என்று நினைத்து, இன்னும் நிமிர்ந்து நின்றேன்.