பாய் கொடுத்த கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்த நாலாம் நாளே நான் முடிவு கட்டிவிட்டேன், பாய் பழசைப் புதுசு என்று சொல்லி என் தலையில் கட்டிவிட்டான் என்று. முப்பது வருஷப் பழக்கம்தான். இருந்தால் என்ன? பழகாதவன் ஏமாற்ற வந்தால் நாம் உஷாராக இருப்போம். பழகினவன் வந்தால் கதவைத் திறந்துவிட்டு உட்கார வைத்து டீயும் கொடுப்போம். என் புத்தி அப்படித்தான் போகும். "நீ உன் நெழலையே சந்தேகப்படுற ஆளு" என்று என் வீட்டுக்காரி சொல்வாள். சொல்லட்டும். விசைப்படகில் இருபத்தைந்து வருஷம் இஞ்சின் டிரைவராக இருந்தவன் நான். இஞ்சின் சத்தம் ஒரு இழை மாறினாலும் சந்தேகப்பட வேண்டும், இல்லையென்றால் நடுக்கடலில் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். முழங்கால் தேய்ந்துபோய்க் கரையில் உட்கார்ந்த பிறகும் அந்தப் புத்தி மட்டும் ஓய்வெடுக்கவில்லை.

பாய் யார் என்று சொல்லிவிடுகிறேன். காசிமேட்டில் படகுகளுக்கு வயர்லெஸ் செட் ரிப்பேர் பார்த்தவன். எங்கள் படகில் ஏறி இறங்கியே எனக்குச் சிநேகமானவன். பிறகு ராயபுரத்தில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் கடை போட்டுக்கொண்டான். நான் அவனை பாய் என்பேன், அவன் என்னை மாமு என்பான். ஒருத்தர் பேரை ஒருத்தர் சொல்லிக் கூப்பிட்ட ஞாபகமே இல்லை. நோன்பு மாசத்தில் அவன் வீட்டுக் கஞ்சி தூக்குவாளியில் திருவொற்றியூர் வரைக்கும் வரும். எனக்கு நல்ல வஞ்சிரம் கிடைத்தால் பாதி அவன் வீட்டுக்குப் போகும். எங்கள் இருவர் வீட்டிலும் பெண்டாட்டிகள் சலித்துக்கொள்கிற அளவுக்குச் சிநேகம்.

என் மகளுக்கு வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போட்டுக் கொடுக்கும் வேலை கிடைத்தது. முதல் ஒரு மாசம் அவளைப் பார்ப்பார்கள், சரியாக வந்தால்தான் வைத்துக்கொள்வார்கள். பெரிய திரை வேண்டும் என்றாள். பாயிடம் சொன்னேன். அவனே எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து, பொருத்தி, ஓட்டிக் காண்பித்துவிட்டு, வீட்டுக்காரி பொரித்த நெத்திலியைத் தின்றுவிட்டுப் போனான். அன்றைக்கு எனக்கு அவன் மேல் ஒரு சந்தேகமும் இல்லை.

எங்கள் குப்பத்தில் புதுச் சாமான் எது வந்தாலும் முதலில் குங்குமம், அப்புறம் கிரீஸ். கடல் முப்பது அடியில் இருக்கிறது. உப்புக்காற்று ஃபேனைத் தின்னும், கேட்டுத் தாழ்ப்பாளைத் தின்னும், அடுப்புத் திருகைத் தின்னும். போதாததற்கு எண்ணூர் அனல்மின் நிலையத்துப் பக்கமிருந்து வந்து படிகிற சாம்பல் வேறு. அதனால் இரும்போ பித்தளையோ, கண்ணில் பட்டதற்கெல்லாம் கிரீஸ் தடவி வைத்தால்தான் நாலு வருஷம் தாங்கும். வீட்டுக்காரி திரையின் மூலையில் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்தாள். நான் பின்பக்கம் போனேன். கம்ப்யூட்டர்ப் பெட்டியிலிருந்து திரைக்கு வருகிற ஒயரின் இரண்டு முனையையும் பிடுங்கி, உள்ளே பளபளத்த சின்னச் சின்னப் பல்லுக்கெல்லாம் படகுக் கிரீஸை விரலால் அப்பி, மறுபடி செருகினேன். பேட்டரி முனைக்கு இப்படித்தான் செய்வோம். என்னிடம் அதற்கென்றே ஒரு தகர டப்பா உண்டு.

மூன்றாம் நாள் திரை சிமிட்ட ஆரம்பித்தது. மகள் கோடு இழுத்துக்கொண்டே இருப்பாள், பட்டென்று கறுத்துப் போகும், ஒரு மூச்சு விட்டு மறுபடி வரும். வந்ததும் அப்படியே நடுங்கும். அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "எப்படிப்பா வேல செய்யறது?" என்றாள். அந்தக் குரல் என்னை என்னவோ செய்தது.

முதலில் கரண்டைச் சந்தேகப்பட்டேன். ஊருக்கெல்லாம் கரண்டு தயாரிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு கரண்டைச் சந்தேகப்படுகிற கொடுமை எங்களுக்குத்தான். பிறகு தெருமுனை வெல்டிங் கடையைச் சந்தேகப்பட்டேன். போய் அரை மணி நேரம் வேலையை நிறுத்தச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தாலும் நிறுத்தினார். திரை சிமிட்டியது. பிறகு கன்டெய்னர் லாரிகள். அவை போகும்போது எங்கள் வீட்டுச் சுவரே அதிரும். நாற்காலி போட்டு உட்கார்ந்து, லாரி போகிற நேரத்தையும் திரை சிமிட்டுகிற நேரத்தையும் பார்த்தேன். லாரி போனாலும் சிமிட்டியது, போகாவிட்டாலும் சிமிட்டியது. அப்படி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தால் கடைசியில் யார் மிச்சம்? பாய்தான் மிச்சம்.

போன் போட்டேன். அன்று சாயந்தரமே வந்துவிட்டான். அதுவே எனக்கு இடித்தது. மடியில் கனமில்லாதவன் எதற்கு இவ்வளவு வேகமாக வர வேண்டும்? ஒயரைப் பிடுங்கினான், முனையைத் தடவிப் பார்த்தான், விரலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான். கைக்குட்டையால் துடைத்தான், பையிலிருந்து ஒரு சின்ன பிரஷ்ஷை எடுத்துத் தேய்த்தான், செருகினான். திரை ஆடாமல் அசையாமல் நின்றது.

"இன்னா பாய் பண்ண?"

"ஒண்ணுமில்ல மாமு. லூசா இருந்துது."

தண்ணீர் கேட்டுக்கொண்டு சமையலறைப் பக்கம் போனான். அங்கே என் மகளிடம் குரலை இறக்கி ஏதோ சொன்னான், அவள் தலையாட்டினாள், இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அப்படி என்ன ரகசியம் என் வீட்டில், எனக்குத் தெரியாமல்? அவன் போனதும் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். நான் தடவிய கிரீஸ் மொத்தத்தையும் வழித்துவிட்டிருந்தான். பாதுகாப்பாக இருந்ததைத் துடைத்துவிட்டுப் போகிறான் பாரேன் என்று, முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தடவினேன்.

மறுநாள் சிமிட்டியது. அதோடு என் கிரீஸ் டப்பாவும் காணாமல் போயிற்று. வழக்கமாக வைக்கிற ஜன்னல் மேட்டில் இல்லை. வீட்டுக்காரியைக் கேட்டேன், "உன் டப்பாவ வெச்சி நான் இன்னா கொழம்பா வெக்கப் போறேன்?" என்றாள். மகளைக் கேட்டேன், திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமலே தெரியாது என்றாள். போய்ப் புது டப்பா வாங்கி வந்தேன். இந்த முறை அதை அலமாரிக்குள் என் சட்டைகளுக்கு அடியில் வைத்தேன்.

பாய் இரண்டாவது தடவை வந்தான். அதே மாதிரி துடைத்தான், அதே மாதிரி திரை நின்றது. இந்த முறை என்னை நேராகப் பார்த்தான்.

"மாமு, நீ எதுனா பின்னால கை வெச்சியா?"

"நான் இன்னாத்துக்கு கை வெக்கறேன்? நான் அத்த தொடறதே இல்ல."

பொய் சொல்லவில்லை. கிரீஸ் தடவுவதைத் தொடுவது என்று நான் நினைத்ததே இல்லை. பல் விளக்குகிற மாதிரி அது. பாய் பையை எடுத்துக்கொண்டு போனான். அவன் தெருமுனை திரும்பியதும் சட்டைக்கு அடியிலிருந்து டப்பாவை எடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து மறுபடி சிமிட்டல். இப்போது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவன் வந்தால் நிற்கிறது, அவன் போனால் ஆடுகிறது. அப்படியென்றால் உள்ளே என்னவோ பழுது வைத்துத்தான் கொடுத்திருக்கிறான், வந்து வந்து தட்டிக் கொட்டி நம்மை டபாய்க்கிறான். மகள், "அப்பா, நீ அந்த ஒயர் பக்கமே போவாதப்பா, நான் பாத்துக்கறேன்" என்றாள். இவளும் பாய்க்கு ஜால்ரா போடுகிறாள் என்று எனக்கு மேலும் எரிச்சல். அவளுக்கு மாசம் முடிய பத்து நாள்தான் இருந்தது. திரையைப் பிடுங்கிப் போர்வையில் சுற்றிக்கொண்டு ஆட்டோ ஏறினேன்.

கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். அதைப் பார்த்து நான் வாயை அடக்கியிருக்க வேண்டும். நேர்மாறாக, ஆள் இருக்கிறது என்றதும் குரல் ஏறியது. "பழச புதுசுன்னு வித்துட்டு, ரெண்டு வாட்டி வந்து தொடச்சிட்டு போறியே, என்ன கேணப்பயன்னு நெனச்சிகினியா? முப்பது வருசமா நம்பினேன் பாய். நம்பினவன் தலையிலயே மொளகா அரைச்சிட்ட!"

நின்றிருந்த ஒருவர் கையிலிருந்த பெட்டியை மெதுவாக மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனார். பாய்க்கு முகம் வெளுத்துப் போயிருந்தது. மேல் தட்டிலிருந்து சீல் உடைக்காத ஒரு பெட்டியை இறக்கி, என் கண் முன்னால் பிரித்து, ஓட்டிக் காண்பித்து, மறுபடி கட்டிக் கொடுத்தான். என் திரையைத் தன் பக்கம் எடுத்து வைத்துக்கொண்டான்.

"எடுத்துனு போங்க சார்" என்றான்.

முப்பது வருஷத்தில் அவன் வாயிலிருந்து எனக்கு சார் வந்தது அன்றைக்குத்தான். ஆட்டோவில் வரும்போது அது காதிலேயே கேட்டுக்கொண்டிருந்தது. குற்றமுள்ள நெஞ்சு, அதனால்தான் மரியாதை தருகிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

புதுத் திரைக்கும் குங்குமம் வைத்தோம். அன்று சாயந்தரம், மகள் குளிக்கப் போன சமயம் பார்த்து, கிரீஸும் வைத்தேன். மூன்றாம் நாள் அதுவும் சிமிட்டியது.

"பாத்தியா! இதுவும் பழசு! சீல் போட்டு பழச விக்கறான்!" என்று நான் எழுந்து சட்டையை மாட்டினேன். கடைக்குப் போய் இன்னொரு தடவை கத்துவதற்கு எல்லா வசனமும் தயாராக இருந்தது.

மகள் எழுந்து உள்ளே போனாள். துணி மூட்டைக்கு அடியிலிருந்து என் பழைய கிரீஸ் டப்பாவை எடுத்து வந்து என் முன்னால் டொக்கென்று வைத்தாள். அழுதுகொண்டிருந்தாள்.

"இதான்ப்பா பழுது. நீ தடவற கிரீஸு அந்த பல்லுல போயி அடைச்சிக்குது, அதான் படம் வர மாட்டேங்குது. பாய் மாமா மொத நாளே வாசனைய வெச்சி கண்டுபுடிச்சிட்டாரு. 'அப்பாகிட்ட சொல்லாதம்மா, ஒன் முன்னால சின்னதாயிட்டேன்னு நெனப்பாரு, டப்பாவ மட்டும் ஒளிச்சி வெச்சிடு'ன்னாரு. நான் ஒளிச்சேன். நீ வேற வாங்கினு வந்துட்ட. நான் தொடைக்கத் தொடைக்க நீ தடவிக்கினே கீற!"

"நீயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"ஒயர் பக்கம் போவாதன்னு சொன்னேனே. அதுக்கே ரெண்டு நாள் என்னோட பேசல நீ."

பின்பக்கம் போய் உட்கார்ந்து, இரண்டு முனையையும் பழந்துணியால் துடைத்தேன். அவள் பிரஷ் கொடுத்தாள், தேய்த்தேன். எதிரே உட்கார்ந்து ஒரு மணி நேரம் திரையைப் பார்த்தேன். ஒரு தடவைகூட அது கண் சிமிட்டவில்லை. சிமிட்டித் தொலையேன் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன், வெட்கக்கேடு. சிமிட்டியிருந்தால் நான் சொன்னது சரி என்று ஆகியிருக்கும்.

மறுநாள் கடைக்குப் போனேன். காலையில் மீன் ஏலத்தில் நின்று எடுத்த வஞ்சிரம் ஒன்று கையில் இருந்தது. படியேறும்போது, மீனைக் கொடுத்து மழுப்பப் பார்க்கிறேன் என்று நினைத்துவிடுவானோ என்று பயம் வந்தது. திரும்பி இறங்கி டீக்கடையில் அதைக் கொடுத்து வைத்துவிட்டு மறுபடி ஏறினேன்.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். பாய் நிமிர்ந்து பார்த்தான். "சொல்லுங்க சார்."

வாயைத் திறப்பதற்குள் என் பார்வை அவனுடைய மேஜைக்குப் போனது. நான் பழசு என்று வீசிவிட்டு வந்த திரையில்தான் அவன் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அது ஆடாமல் அசையாமல் நின்றது. எட்டிப் பின்பக்கம் பார்த்தேன், கிரீஸ் ஒரு பொட்டுகூட இல்லை, சுத்தமாகத் துடைத்திருந்தான். முன்பக்கம் மூலையில் என் வீட்டுக்காரி வைத்த குங்குமம் அப்படியே இருந்தது. அதை அவன் துடைக்கவில்லை.

"எல்லாரும் கேளுங்க" என்று ஆரம்பித்தேன். எனக்கே என் குரல் அதிகமாகத்தான் பட்டது. "அன்னிக்கி இவரு பழச வித்தாருன்னு இங்க நின்னு கத்தினேன். அது பொய். கெடுத்தது நான். படகுக் கிரீஸ எடுத்து கம்ப்யூட்டர்ல தடவின மடையன் நான்."

"கத்தாதீங்க சார், கஸ்டமர் கீறாங்க."

"கத்தி சொன்னத கத்தித்தான் திருப்பி எடுத்துக்கணும் பாய்." மேஜையருகே போய்க் குரலை இறக்கினேன். "ஒனக்கு மொத நாளே தெரியும் இல்ல? என்னாண்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

பாய் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா? பழச வித்துட்டு பழிய எம்மேல போடறியான்னு கேட்டிருப்ப. கேட்டிருப்பியா, இல்லியா?"

கேட்டிருப்பேன். அதே வார்த்தையைத்தான் கேட்டிருப்பேன். நல்லது நினைக்கிற இரண்டு பேர் என் வீட்டுக்குள்ளேயே என்னிடம் உண்மையைச் சொல்லப் பயந்து, ஒரு டப்பாவை ஒளித்து வைத்து என்னைச் சமாளித்திருக்கிறார்கள். இத்தனை நாள் நான் உஷாரான ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பினேன். இரண்டு படி இறங்கியிருப்பேன், பின்னாலிருந்து குரல் வந்தது.

"மொதல்ல அந்த டப்பாவ தூக்கி கடல்ல போடு மாமு."

கடையில் ஆள் இருக்கிறதே, அவர்களுக்காகத்தான் மாமு என்கிறானோ என்று ஒரு நினைப்பு வந்தது. சத்தியமாக வந்தது. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. "சரி பாய்" என்று தெருவைப் பார்த்தபடியே சொன்னேன். திரும்பியிருந்தால் நான் அழுவது தெரிந்திருக்கும்.