சித்தி சொல்லித்தந்த உதாரண வசனம்

என் சித்தி ஆங்கில ஆசிரியை. ஒரு வினைச்சொல் அகப்பட்டால் போதும், அதன் சொந்தபந்தம் முழுவதையும் கூட்டிவந்து என் முன்னால் நிறுத்திவிடுவார். நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது ஒரு வாரம் 'ரிவீல்' வந்தது. வெளிப்படுத்து என்று பொருள். சிலையின் திரையை விலக்கினால் 'அன்வெய்ல்'. ஒருவருடைய கள்ளத்தை அம்பலப்படுத்தினால் 'எக்ஸ்போஸ்'. சொல்லக்கூடாத இரகசியத்தைச் சொன்னால் 'டைவல்ஜ்'. ஒவ்வொன்றுக்கும் தமிழோடு ஓர் உதாரண வசனம் பாடமாக்க வேண்டும். ஐயோ, பட்ட பாடு!

அந்த வெள்ளிக்கிழமை சித்தியைப் பெண்பார்க்கக் கரவெட்டியிலிருந்து வருவதாக இருந்தது. வீட்டுக்கு அல்ல, உரும்பிராயில் எங்கள் கோயிலுக்கு. இரண்டு வீட்டாரும் தற்செயலாகக் கும்பிட வந்தவர்கள் போல நிற்பார்கள்; சரிவராவிட்டாலும் ஊருக்குத் தெரியாது. கல்யாணத்துக்குப் பிறகும் படிப்பிப்பேன் என்று சித்தி சொன்னதால் முந்திய இரண்டு சம்பந்தங்களும் குழம்பியிருந்தன.

"இந்தமுறை நீ வாய் திறக்கப்படாது. எல்லாம் முற்றாகட்டும், பிறகு கதைக்கலாம்" என்றார் அம்மா.

"ஓம் அக்கா" என்றார் சித்தி. அவர் அவ்வளவு அடக்கமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அன்று பின்னேரம் எனக்கு இன்னொரு சொல்லும் வசனமும் வந்து சேர்ந்தன.

கோயில் வீதியில் மாப்பிள்ளையின் தாயார் என் கன்னத்தைத் தடவி, "சித்தி உங்களுக்கு என்ன பிள்ளை சொல்லித்தாறவ?" என்று கேட்டார். கேட்க வேண்டுமே! கையைக் கட்டிக்கொண்டு தொடங்கிவிட்டேன். எல்லாம் ஒப்புவித்து, கடைசியாக 'டிஸ்க்ளோஸ்': மறைக்காமல் தெரியப்படுத்து. உதாரணம்: "கல்யாணத்துக்குப் பிறகும் வேலையை விடமாட்டேன் என்று அந்தப் பெண் முன்கூட்டியே தெரியப்படுத்தினாள்."

அம்மாவின் முகம் கறுத்துப்போனது. சித்தி கோபுரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான்.

"ஆர் உங்களை விடச்சொன்னது?" என்று சித்தியிடம் நேராகவே கேட்டார்.

"உந்தப் பிள்ளைக்கு இவ்வளவு வடிவாப் படிப்பிச்சவ வீட்டிலை இருந்து என்ன செய்யிறது?" என்றார் தாயார். அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா எனக்குக் குட்டக் கையை ஓங்கினார். சித்தி என்னைப் பறித்தெடுத்து மாறி மாறிக் கொஞ்சினார். ஒரு வசனமும் பிழைக்காததற்குத்தான் இது என்று எனக்குச் சரியான புளுகம்; பூரித்துப்போனேன்.

ஆனால் தவணைப் பரீட்சையில் அந்தக் கடைசிச் சொல் வரவேயில்லை. எனக்குக் கோபமென்றால் கோபம். கல்யாணத்தன்று மாலையும் கழுத்துமாக மணவறையில் இருந்த சித்தியிடம் போய், "நீங்கள் சொல்லித்தந்த வசனம் ஒண்டுக்கும் உதவேல்லை" என்று முறைப்பட்டேன். புகை கண்ணில் பட்டது போல அவர் ஏன் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார் என்று எனக்கு விளங்கவில்லை.