கோடிட்ட இடத்தில் போடு

எனக்குச் சொந்த ஊர் எப்போதும்வென்றான். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நேர்காணலில் இரண்டு தடவை தோற்றவள் நான். கோவில்பட்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருடமாக நர்ஸ். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்று கம்ப்யூட்டர் வழியாக ஆள் எடுத்தது. வேலை தெரியும். இங்கிலீஷ்தான் காலை வாரியது. முப்பத்தைந்து வயதைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். எனக்கு இன்னும் நான்கு மாதம்தான் இருந்தது. மூன்றாவது தடவைதான் கடைசி. மழை வந்தால் வெள்ளாமை, வராவிட்டால் ஒன்றுமில்லை என்று கரிசலைப் பார்த்தே வளர்ந்தவள் நான். வானத்தை நம்பாத ஒரு காரியத்திலாவது ஜெயிக்க வேண்டும் என்று வீம்பு பிடித்திருந்தது.

செல்போனில் தேடியபோது இலவசப் பயிற்சித் தாள்கள் கிடைத்தன. எல்லாம் கோடிட்ட இடங்களை நிரப்புகிற பத்திகள். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பிடித்த ஒரே கேள்வி அதுதான். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்கக் கொடுத்தேன். நாலு பக்கம் வந்ததும் கடைக்கார அண்ணாச்சி மெஷினை நிறுத்திவிட்டார்.

"எழுத்துக்கு அடியில வாலு வாலாத் தொங்குதே. மெஷினு மை கக்குதோ என்னமோ."

மெஷின் மேல் தப்பில்லை. பாடம் இங்கிலீஷில் இருந்தது, விளக்கமெல்லாம் துருக்கி மொழியில். துருக்கிக்காரர்கள் இங்கிலீஷ் படிப்பதற்காக எழுதியது. நான் கவனிக்கவே இல்லை.

"இருக்கட்டும், கொண்டு போங்க. பின்பக்கம் எழுதவாவது ஆகும்" என்றார்.

என்னோடு வேலை பார்க்கும் தோழி கழுகுமலையிலிருந்து பஸ்ஸில் வருவாள். அறுவடை முடிந்த புஞ்சையில் எருவுக்காக ஆடுகளை அடைத்துக் கிடை போடுகிற வீட்டுப் பெண். அவளும் அதே வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இருவரும் செல்போன் கேமராவைத் தாளின்மேல் பிடித்தோம். துருக்கி எழுத்து தமிழாக மாறியது. 'நம் மொழியில் வினைச்சொல் கடைசியில் வரும். இங்கிலீஷில் அப்படி வைக்காதீர்கள்' என்று ஓரிடத்தில். 'நம் மொழியில் இங்கிலீஷ் மாதிரி பெயருக்கு முன்னால் "த" கிடையாது. அதனால் விட்டுவிடுவோம். விடாதீர்கள்' என்று இன்னோரிடத்தில். முன்பின் பார்க்காத துருக்கிக்காரர்கள் மேல் ஒரு சொந்தக்காரப் பாசம் வந்தது.

ஒரு பத்தியில் ஒருவர் இருட்டு அறைக்குள் நுழைகிறார். லைட்டை என்ன செய்கிறார் என்று கோடு. கீழே எச்சரிக்கை: '"ஓப்பன் த லைட்" என்று எழுதாதீர்கள்.' லைட்டை யாராவது திறப்பார்களா? நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"ரொம்பச் சிரிக்காதட்டி. நீ என்ன எழுதியிருக்க, காட்டு" என்றாள் தோழி.

காட்டினேன். 'புட் த லைட்.'

"சரியாத்தான இருக்கு. லைட்டப் போடுதான்" என்றாள் அவளும்.

விடைப் பக்கத்தில் 'ஸ்விட்ச் ஆன்' என்று இருந்தது. 'புட்' பற்றி ஒரு வார்த்தை இல்லை. துருக்கிக்காரருக்கு அந்தத் தப்பு வராது, அப்புறம் எதற்கு எச்சரிக்கப் போகிறார்கள்?

அப்போதுதான் இரண்டாவது நேர்காணல் ஞாபகம் வந்தது. நோயாளி வலியில் துடிக்கிறார், என்ன செய்வீர்கள் என்று ஒரு அம்மா கேட்டார். "ஐ வில் புட் த இன்ஜெக்ஷன்" என்றேன். எங்கே வைப்பீர்கள் என்று கேட்டார். இடுப்பில் என்றேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. ஊசியைத் தூக்கி இடுப்பில் வைக்கிறவள் என்று நினைத்திருப்பார். அவமானத்தில் கண் கலங்க, சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டேன்.

"அழாதட்டி" என்றாள் தோழி. "அவிய தப்ப அவிய எழுதிட்டாவ. நம்ம தப்ப நாமதான் எழுதணும்."

அந்தத் தாள்களின் பின்பக்கத்தில் ஒரு நர்ஸின் ஒரு நாளைப் பத்தியாக எழுதினோம். கோவில்பட்டிக்காரி எங்கெல்லாம் 'போடு' என்பாளோ அங்கெல்லாம் கோடு. சட்டை, டீ, கட்டு, ஊசி, பாய், சண்டை, சாப்பாடு. ஒவ்வொன்றுக்கும் இங்கிலீஷில் வேறு வேறு சொல். இவ்வளவு வேலையையும் தமிழில் ஒரே சொல் செய்துகொண்டிருந்தது எங்களுக்கே தெரியாது.

"கிடை போடுததுக்கு என்ன?" என்றாள்.

"உங்க வீட்டு ஆட்டை அங்கன யாரு கேக்கப் போறா?"

"கேட்டா?"

எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் 'கிடை' என்று எழுதிப் போட்ட கோடு மட்டும் நிரம்பாமல் அப்படியே கிடந்தது. மற்றதையெல்லாம் தினமும் நிரப்பி, அழித்து, மறுபடி நிரப்பினோம்.

மூன்றாவது தடவையும் அதே அம்மாதான் வந்தார். இருட்டு அறையில் ஒரு நோயாளி வலியில் பயந்து கிடக்கிறார் என்றார். "ஐ வில்" என்று ஆரம்பித்ததுமே 'புட்' நாக்கு நுனியில் வந்து நின்றது. விழுங்கினேன். "ஸ்விட்ச் ஆன் த லைட்" என்றேன், 'த'வையும் விடாமல். பிறகு, வலியைப் பார்த்துவிட்டு டாக்டர் எழுதிய இன்ஜெக்ஷனை 'கிவ்' செய்வேன் என்றேன். அவர் எங்கே என்று கேட்கவில்லை.

எட்டாம் நாள் வார்டில் இருக்கும்போது மெயில் வந்தது. எடுத்துக்கொண்டார்கள். மூன்று தடவை படித்துவிட்டு, நோயாளிகள் பார்க்கப் பார்க்க அழுதேன். அவ்வளவு சந்தோஷம். பக்கத்து வார்டிலிருந்து தோழி ஓடிவந்தாள்.

"என்னட்டி ஆச்சு?"

"ஒரே போடாப் போட்டுட்டேன்."

கட்டிக்கொண்டாள். என் தோளில் இருந்து முகத்தை எடுக்காமலே, "அதுக்கு இங்கிலீசுல என்ன?" என்று கேட்டாள்.

அடுத்த மாதம் அவளுக்கு நேர்காணல். தாளை என்னிடமிருந்து வாங்கி, 'கிடை'க்குக் கீழே 'ஒரே போடு' என்று எழுதி, இன்னொரு கோடு போட்டுக்கொண்டாள்.