எதிரில் அமர்ந்து கற்றவர்

மைசூரில் பிறந்து, மைசூரிலேயே கண்மூடிய எங்கள் அக்காவின் முதலாண்டு நினைவுக்காக இதை எழுதுகிறேன். தசரா தர்பாருக்குச் செல்லும் அதிகாரிகளுக்குத் தலைப்பாகை கட்டித் தருவது எங்கள் அப்பாவின் தொழில். 'அக்கா அப்பாவிடம் தொழில் கற்றார்' என்று எழுதும்படி உறவினர் சிலர் கேட்டார்கள். எழுத மாட்டேன். அப்பா கற்றுக்கொடுக்கவில்லை. பெண்ணுக்கு இது எதற்கு என்றார்.

துணியை மடிக்கும்போது மறுமுனையை ஒருவர் இழுத்துப் பிடிக்க வேண்டும். சிறு வயதிலும், கணவரை இழந்து வீடு திரும்பிய பிறகும், அப்பாவின் எதிரில் அமர்ந்து அதைப் பிடித்தவர் அக்கா. அப்பாவின் விரல்கள் போகும் வழியெல்லாம் அவருடைய கண்ணும் போனது.

பக்கவாதத்தில் அப்பாவின் வலக்கை விழுந்த ஆண்டு, வந்திருந்த துணிகளைத் திருப்பி அனுப்பச் சொன்னார். அக்கா அனுப்பவில்லை. முதல் தலைப்பாகையை எனக்குக் கட்டினார். அப்போது நான் படித்து முடித்து அரசாங்க குமாஸ்தாவாக இருந்தேன். அவசரத்தில் கவனிக்காமல் அணிந்து தர்பாருக்குப் போனேன். எதிரிலிருந்து பார்த்துக் கற்ற கை அல்லவா? எல்லார் மடிப்பும் வலப்பக்கம் சரிய, என்னுடையது இடப்பக்கம் சரிந்திருந்தது.

"ஏன்ரீ இது, கண்ணாடியப் பாத்துக் கட்டினானா?" என்று கன்னடம் கலந்த தமிழில் கேட்டார் தலைமைக் குமாஸ்தா. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"வீட்டு வேலைக்காரி கட்டினது சார்" என்றேன்.

மாலைக்குள் அந்தச் சொல் வீடு வந்து சேர்ந்தது. அக்கா அழவில்லை. அப்பாவின் பழைய தலைப்பாகை ஒன்றைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்துப் பார்த்தார். மறுநாள் முதல் அதிகாரிகளின் மடிப்பெல்லாம் வலப்பக்கமே சரிந்தது. அந்தக் கையால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

என்னுடையதை மட்டும் ஒவ்வொரு தசராவுக்கும் இடப்பக்கமே கட்டி வைத்தார்.

"இன்னுமா அக்கா? மாத்தித்தான் கட்டேன்."

"ஊருக்கு மாத்திட்டேன். உனக்கு மாத்த மாட்டேன்டா. யாராச்சும் கேட்டா வேலைக்காரின்னு சொல்ல உனக்குத்தான் வாய் இருக்கே!"

நான் ஒருமுறையும் அணியவில்லை. கடையில் வாங்கிப் போனேன். மகாராஜாவின் ஆட்சி முடிந்த பிறகும் மன்னிப்புக் கேட்க எனக்கு நீண்ட காலம் கிடைத்தது. கேட்கவில்லை.

கடைசி நாட்களில் அக்காவைத் தூக்கி அமர்த்தி ஊட்டிய என் மருமகளுக்கும், தினமும் வந்து பார்த்த பக்கத்து வீட்டாருக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் நன்றி.

இது அச்சில் இருக்கட்டும்: அன்று தர்பாரில் என் தலையில் இருந்ததைக் கட்டியவர் என் அக்கா. யாரும் சொல்லித்தராமல் பார்த்தே கற்றவர். இதைக் குடும்பத்துக்கு இழுக்கென்று நினைப்பவர் என்னிடம் நேரில் வந்து சொல்லட்டும்.